ஓரத்தில் ‘வேண்டா’ என்று எழுதியிருந்தது

சிங்கப்பெருமாள் கோயில்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள வேண்டா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சொல்லிவிடுகிறேன்: செங்கல்பட்டில் சுறா காமிக்ஸின் உதவி ஆசிரியராகப் பதினைந்து வருஷம் குப்பை கொட்டிய வெங்கடராகவன். போனில் கூப்பிடலாம்தான். எனக்கு இரண்டு காதும் முக்கால்வாசி போய்விட்டது. உங்கள் தம்பி மணியை மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகப் பார்த்தேன். விலாசம் அவர் கொடுத்ததுதான்.

நம் ஆசிரியர் கண்ணாயிரம் காலமாகி வரும் ஏப்ரல் 20 அன்று ஒரு வருஷம். அன்றைக்கு மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் பழைய வாசகர்கள் கூடுகிறார்கள். ‘கட்டுமரக் கன்னியம்மா’ கதைகள் மொத்தமும் ஒரே தொகுப்பாக அன்று வெளிவருகிறது. போடுபவர் ஜோயல் என்று ஒரு பிள்ளை, செங்கல்பட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் வராத எழுத்து நம் சுறாவைப் பார்த்துத்தான் வந்தது என்கிறார். என்னை ‘ஆசிரியரின் வலது கை’ என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 1996 ஜூன் இதழில், ஆசிரியரின் ‘ஆயிரங்கண்’ பக்கத்தில், உங்கள் கடிதம் ஒன்று வெளியானது நினைவிருக்கும். ஆசிரியரைப் பற்றி மனம் நிறைந்து எழுதியிருந்தீர்கள். அதையே தொகுப்புக்கு முன்னுரையாகப் போட ஜோயல் விரும்புகிறார். ஓவியரே சொன்னது என்றால் அதற்கு ஒரு கனம் உண்டல்லவா? உங்களுக்கு ஆட்சேபம் இராது என்று நினைக்கிறேன். ஒரு கார்டில் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
வெங்கடராகவன்


செய்யூர்
11 பிப்ரவரி 2025

ராகவன் சாருக்கு,

இருபத்தொன்பது வருஷம் கழித்து ‘நலமறிய ஆவல்’ என்று ஆரம்பிக்க உங்களால்தான் முடியும். அந்த ஆபீஸில் நான் நீ, வா, போ. இப்போது ‘அவர்கள்’. கன்னியம்மாவின் முகத்தில் அடித்தீர்களே, அதைப்போல இதுவும் ஒரு வெள்ளைப் பெயிண்ட்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஜோயலுக்கு வாட்ஸப்பில் பதில் போட்டிருக்கலாம். அதை அழித்துவிட முடியும், அழிப்பதில் நீங்களெல்லாம் கைதேர்ந்தவர்கள். அதனால்தான் காகிதம்.

உங்களுக்கு எது நினைவிருக்கிறது, எது இல்லை என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நான் மூன்றாவது பெண். ‘இதோடு பெண் போதும், அடுத்தது பையனாகப் பிறக்கட்டும்’ என்று எங்கள் பக்கம் வைக்கிற பேர்தான் வேண்டா. வைத்தார்கள், மணி பிறந்தான். பத்தொன்பது வயதில் வேர்க்கடலை மூட்டை ஏற்றிப்போன வண்டியிலேயே படங்களைச் சுருட்டிக்கொண்டு செங்கல்பட்டு வந்தேன். கண்ணாயிரம் பார்த்தார். மறுவாரமே என்னையும் மணியையும் கொக்கிலமேட்டுக் கரைக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் உட்கார வைத்தார். “அலைய வரையாதமே. அலை போனப்புறம் மணலு எப்பிடிக் கீதுன்னு வரை” என்றார். அன்றைக்கு அந்த ஆளைக் கும்பிடத் தோன்றியது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

கன்னியம்மாவை எங்கள் கரைப் பெண் மாதிரியே கறுப்பாக, நெருக்கமாகக் கோடு போட்டு வரைந்தேன். அவளுடைய முகத்திலும் கையிலும் வெள்ளைப் பெயிண்ட் அடித்துத்தான் அச்சுக்குப் போகும். “கருப்பா இருந்தா எவன் வாங்குவான்?” இதுவும் அதே வாய் சொன்னதுதான்.

ஒவ்வொரு பக்கத்திலும் வலது மூலையில் என் பேரை எழுதுவேன். ஏழு வருஷத்தில் ஒரு பக்கத்தில்கூட அது அச்சில் வரவில்லை. ‘ஓவியம்: சுறா குழு.’ 96 மே மாதம் வாய்விட்டுக் கேட்டேன். எல்லோரும் இருந்தீர்கள். நம் ஆபீஸ் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: புரூப்பில் எடுக்க வேண்டியதற்குப் பக்கத்தில் ‘வேண்டா’ என்று எழுதுவோம், எடுக்கக் கூடாததற்கு ‘இருக்கட்டும்’ என்று எழுதுவோம். அதை வைத்து அவர் சொன்னார்: “நான் இன்னாமே பண்றது? அச்சாபீஸ்காரன் ஓரத்துல பாக்குறான், ‘வேண்டா’ன்னு கீது. வேணாம்போலன்னு எடுத்துடறான். உங்க நைனா ஒழுங்கான பேரா வெச்சிருந்தா இந்தப் பேஜாரே இல்ல.”

ஆபீஸே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். ஏழு வருஷம், ஒரு பக்கம் விடாமல், அதே தப்பு நடந்ததாம்.

அடுத்த இதழில் அந்தக் கடிதம் வந்தது. மணிதான் வாங்கிவந்தான். “அக்கா, உன் பேரு புக்குல வந்துகீது!” என்று கத்திக்கொண்டே வந்தான். டீக்கடையில் நாலு பேருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கே வந்தான். ‘பெயரில் என்ன இருக்கிறது, ஆசிரியரின் நிழலில் இருப்பதே என் பாக்கியம்’ என்று நானே எழுதியிருக்கிறேனாம். ஏழு வருஷத்தில் என் பேர் எல்லோர் கண்ணிலும் படும்படி அச்சான ஒரே இடம் அது. நான் சொல்லாத வார்த்தைக்குக் கீழே. பிறகு யாரிடம் போய் நியாயம் கேட்பது? “நீயேதான் நன்றி சொல்லி எழுதிட்டியே” என்று எங்கள் நைனாவே சொன்னார். அந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றேன். அதற்குப் பிறகு ஏழு வருஷம், என் பழைய பக்கங்களைக் கண்ணாடிமேல் வைத்துப் படியெடுத்துக் கன்னியம்மாவை ஓட்டினீர்கள் என்பதும் தெரியும்.

இப்போது அந்தக் கடிதத்தைப் புத்தகத்தின் தலையில் வைக்கப் போகிறீர்கள். நானும் செத்தபிறகு அதுதான் நான் சொன்னதாக நிற்கும். அதை நான் எழுதவில்லை. எழுதியது யார்? அதைச் சொல்லுங்கள், பிறகு ஆட்சேபம் பற்றிப் பேசுவோம்.

வேண்டா


சிங்கப்பெருமாள் கோயில்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள வேண்டா,

‘அவர்களை’ எடுத்துவிட்டேன். நீ என்று எழுதக் கை வரவில்லை, மன்னிக்கவும்.

உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் போய்ச்சேர்ந்த மனிதரைத் தராசில் வைக்கும்போது இரண்டு தட்டையும் பார்க்க வேண்டாமா? கருங்குழியில் ஜிஎஸ்டி ரோடு ஓரம் லாரிக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அவரால் படித்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் புரியவேண்டும் என்று ஒவ்வொரு வசனத்தையும் என்னைச் சத்தம்போட்டு வாசிக்கவைத்துத் திருத்துவார். நிஜமாக வந்த வாசகர் கடிதம் ஒன்றுக்குக்கூட அவர் பதில் போடாமல் இருந்ததில்லை. கோபக்காரர், பொய் சொல்வார், பிறத்தியார் உழைப்பைத் தன்னுடையது என்பார். எல்லாம் உண்மை. ஒரு பெண் வரைந்ததை முழுத்தொடராகப் போட அன்று வேறு யார் துணிந்தார்கள் என்பதும் உண்மை.

அந்தக் கடிதத்தை ஆசிரியரே எழுதியிருக்கலாம். வாசகர் கடிதங்களில் பாதி நம் ஆபீஸிலேயே தயாரானவை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஒன்று சொல்ல வேண்டும். 41ஆம் இதழில் அலை நுரைக்குள் உங்கள் பெயரை ஒளித்து எழுதியிருந்தீர்கள். பார்த்தேன். அதை எடுக்காமல் விட்டுவைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஜோயலிடம் பேசிவிட்டேன். அந்த நுரையைக் காட்டினேன். ஆடிப்போய்விட்டார். அட்டையில் ‘ஓவியம்: வேண்டா’ என்று பெரிதாகவே போடுகிறார். கடிதத்தை எடுப்பதில்தான் சிக்கல். பழைய வாசகர்கள் குழுவில் பலருக்கு அது மனப்பாடம். இப்போது போய் “நான் எழுதவில்லை” என்றால், செத்தவர் மேல் சேறு வாரி இறைக்கிறாள் என்பார்கள். அந்தக் கெட்டபெயர் உங்களுக்கு எதற்கு? பெயரும் வரட்டும், கடிதமும் இருந்துவிட்டுப் போகட்டும். எல்லோருக்கும் நல்லபடியாக முடியும்.

வெங்கடராகவன்


செய்யூர்
1 மார்ச் 2025

ராகவன் சாருக்கு,

41இல் விட்டுவைத்தீர்களா? 30ஆம் இதழிலிருந்து கடைசிவரை ஒரு இதழ் பாக்கியில்லை. வலை முடிச்சில், சவுக்கு வேரில், படகின் அடிப்பலகையில், நண்டு வளைக்குப் பக்கத்து மணலில். என் பேரை வெட்டப் பிளேடை எடுத்துக்கொண்டு மூலையைப் பார்த்தீர்களே தவிர, படத்தைப் பார்க்கவில்லை. உங்கள் கண்ணில் பட்டது ஒன்று. அதைத் தருமக் கணக்கில் எழுதிக்கொண்டீர்கள். பூதக்கண்ணாடியும் பழைய இதழ்களும் ஜோயலிடம் இருக்கின்றன, உட்கார்ந்து தேடச் சொல்லுங்கள்.

ஆக, அட்டையில் என் பேர் வருவது உங்கள் பெருந்தன்மையால் இல்லை. அது என்றைக்கோ அச்சாகிவிட்டது.

இப்போது கடிதம். ‘ஆசிரியரே எழுதியிருக்கலாம்’ என்கிறீர்கள். அதன் கடைசி வரியைக் கீழே எழுதுகிறேன். எனக்கும் மனப்பாடம்தான்.

‘எங்கள் அகத்தில் அனைவரும் தங்களைச் சேவித்துக்கொள்கிறோம்.’

செய்யூரில் எங்கள் வீட்டை எவர் சார் ‘அகம்’ என்று சொன்னது? எங்கள் நைனாவுக்கு அது வூடு. பள்ளிக்கூடத்தில் எழுதினால் எனக்கு வீடு. நாங்கள் யாரையும் சேவிப்பதில்லை, கும்பிடுவோம். சேவிப்பது உங்கள் சந்நிதித் தெருவில். கண்ணாயிரம் கருங்குழிக்காரர். “இன்னாடா”வுக்கும் “போடா”வுக்கும் நடுவில் பிழைத்த மனுஷர். அவர் எழுதியிருந்தால் இந்த இரண்டு வார்த்தையும் வந்திருக்காது. அந்த ஆபீஸில் அகத்தில் இருந்து வந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

மணி வாசலில் நின்று சத்தமாகப் படித்தபோதே எனக்குத் தெரியும். அவன் அந்த வார்த்தையில் தடுக்கி, “அக்கா, அகம்னா இன்னா?” என்று கேட்டான். “தெரியாதுடா” என்றேன்.

ஏன் அப்போதே உங்களிடம் கேட்கவில்லை என்று நினைக்கலாம். அந்த ஆபீஸில் நான் நுழைந்தால் நாற்காலியை இழுத்துப் போடுகிறவர் நீங்கள் மட்டும்தான். அதையும் பொய்யென்று ஆக்கிக்கொள்ள எனக்கு அன்று தெம்பு இல்லை. கண்ணாயிரம் என்னைத் தின்றது எனக்குப் புரிகிறது, அவர் வாய் பெரிய வாய். பக்கத்தில் நின்று கை துடைக்கத் துண்டு நீட்டினீர்களே, அதுதான் எனக்கு அதிக அசிங்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போது நான் கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை டிசைன் வரைந்து கொடுக்கிறேன். துணிமேல் சாக்பீஸால் அலை போடும்போதெல்லாம், அலையை விட்டுவிட்டு அது போன பிறகு இருக்கிற மணலைத்தான் கை போடுகிறது. அந்த ஆளுடைய வார்த்தை ஒன்று என் விரலில் கிடக்கிறது. நினைத்தால் அருவருப்பு. அது சரியான வார்த்தை என்பது அதைவிட அருவருப்பு. நீங்கள் சொன்ன இரண்டு தட்டையும் நான் தினமும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் சார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கடிதம் புத்தகத்தில் வரக் கூடாது. அது இருந்த இடத்தில், அதை யார் எழுதினார்கள் என்று, எழுதியவர் பேரோடு வர வேண்டும். நான் சொன்னால் சேறு. நீங்கள் சொன்னால் சாட்சி.

வேண்டா


சிங்கப்பெருமாள் கோயில்
14 மார்ச் 2025

வேண்டாவுக்கு,

நான்தான் எழுதினேன்.

இந்த இரண்டு வார்த்தைக்குப் பத்து நாளாயிற்று. நீங்கள் அழுதுகொண்டே படியிறங்கிப் போன மறுநாள் காலை, ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். “யோவ் ராகவா, அந்தப் பொண்ணே எழுதின மாதிரி ஒரு லெட்டர் போடு. இனிமே எவனும் இத்தப் பத்திக் கேக்கக் கூடாது” என்றார். மறுக்கவில்லை. யோசிக்கக்கூட இல்லை. டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்று அவர் முதுகில் தட்டினார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போதுதான் என்மேலேயே அருவருப்பு வருகிறது. இருபத்தொன்பது வருஷம் வரவில்லை.

அகம் என்று எழுதியது நீங்கள் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. பழைய இதழை எடுத்துப் பார்த்தேன். அடுத்தவர் குரலில் எழுதுவதில் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போகாமலே அவள் வீட்டிலிருந்து எழுதியிருக்கிறேன்.

மூலையை வெட்டியதும் நான்தான். அச்சாபீஸுக்குப் பக்கங்கள் போகும்போதே அங்கே பெயர் இராது. அச்சாபீஸ்காரர்கள் அந்த வார்த்தையைப் பார்த்ததே இல்லை.

முன்னுரைக்குப் பதிலாகப் போட ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.

‘காலத்தின் கோலத்தாலும் அன்றைய பத்திரிகை உலகின் நெருக்கடிகளாலும் சில பிழைகள் நேர்ந்ததுண்டு. 1996 ஜூன் இதழில் ஓவியர் வேண்டாவின் பெயரில் வெளியான கடிதத்தை, ஆசிரியரின் வற்புறுத்தலின் பேரில், நான் எழுதினேன். அவர் எழுதவில்லை. இதில் தீய நோக்கம் ஏதுமில்லை. அவர் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். ஆசிரியரின் மகத்தான பணியில் இது ஒரு சிறு கரும்புள்ளியே.’

வெங்கடராகவன்


செய்யூர்
21 மார்ச் 2025

ராகவன் சாருக்கு,

திருத்திவிட்டேன். நம் ஆபீஸ் வழக்கப்படியே திருத்தியிருக்கிறேன். தபாலில் மை கலைந்தால் தெரியவேண்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

‘காலத்தின் கோலத்தாலும்’ என்று தொடங்கும் வரி முழுவதும்: வேண்டா. காலமா வந்து பேனா பிடித்தது?

‘வற்புறுத்தலின் பேரில்’: வேண்டா. டீ ஆறுவதற்குள் முடித்ததை வற்புறுத்தல் என்று சொல்ல முடியாது. ‘ஆசிரியர் சொல்லி’ என்று போடுங்கள். அவர் சொன்னார், நீங்கள் எழுதினீர்கள். இரண்டு பேருக்கும் அவரவர் பங்கு.

‘தீய நோக்கம் ஏதுமில்லை’: வேண்டா.

‘புண்பட்டிருந்தால்’: வேண்டா. இன்னும் என்ன ‘இருந்தால்’?

‘மகத்தான பணி’: அதை வேறு கட்டுரையில் எழுதிக்கொள்ளுங்கள், பொய்யில்லை. இந்தப் பக்கத்தில் வேண்டா.

‘சிறு கரும்புள்ளி’: வேண்டா. அந்த ஆபீஸில் எது அசிங்கமானாலும் அதற்குக் கறுப்பு என்றுதான் பேர்.

மிச்சம் இவ்வளவுதான்: ‘1996 ஜூன் இதழில் ஓவியர் வேண்டாவின் பெயரில் வெளியான கடிதத்தை, ஆசிரியர் சொல்லி, நான் எழுதினேன். அவர் எழுதவில்லை.’ இதற்குப் பக்கத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறேன்.

கீழே இடது பக்கம் உங்கள் பேர் வரட்டும். வலது மூலையில் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். அதுவும் பக்கத்தோடு அச்சாக வேண்டும்.

உங்களை மன்னித்துவிட்டதாக ஜோயலிடமோ மேடையிலோ சொல்ல வேண்டாம். அப்படி எதுவும் இல்லை. மாமல்லபுரத்துக்கு நான் வரமாட்டேன்.

வேண்டா


சிங்கப்பெருமாள் கோயில்
4 ஏப்ரல் 2025

வேண்டாவுக்கு,

நீங்கள் திருத்திய தாளை ஜோயலிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு என் காதருகே வந்து கத்தினார்: “சார், அவரு புக்க வெச்சிதான் எனக்குப் படிப்பே வந்துச்சு. இப்போ அத்தத் தொறந்தா நாத்தம் அடிக்குது. நான் இன்னா சார் பண்றது?” கேட்டுவிட்டு அந்தக் கடிதத்தை எடுத்துவிட்டார். வெள்ளை அடிக்காத கன்னியம்மா பக்கம் ஏதாவது உங்களிடம் மிஞ்சியிருந்தால் ஒன்றாவது தரமுடியுமா என்று கேட்கிறார். கேட்டதை எழுதிவிட்டேன், தருவதும் தராததும் உங்கள் விருப்பம்.

வாசகர் குழுவில் விஷயம் பரவிவிட்டது. துரோகி என்கிறார்கள். இத்தனை வருஷம் உப்பைத் தின்றுவிட்டு, செத்தபிறகு வாய் திறக்கிறான் என்கிறார்கள். இரண்டாவது பாதி சரிதான். பொன்னாடை இல்லை என்று ஆகிவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு நானும் போகப்போவதில்லை.

நேற்று கடைசிப் புரூப் பார்க்கச் செங்கல்பட்டு போனேன். கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற பெண், ஷாரோன் என்று பெயர், நீங்கள் அனுப்பிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தாள். ‘வேண்டா’ என்று போட்ட இடத்தையெல்லாம் எடுத்தாள். கடைசியில் அவள் கை நின்றது. எனக்குக் காது கேட்காது என்பதால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினாள்.

‘சார், ஓரத்தில் கடைசியாக ஒரு வேண்டா இருக்கிறது. எதை எடுக்கச் சொல்கிறார்கள் என்று புரியவில்லை. எடுத்துவிடவா?’

ஏழு வருஷமாக நடந்ததாகச் சொல்லி ஆபீஸே சிரித்த அந்தத் தப்பு, முதல் தடவையாக நிஜமாகவே நடக்கப் பார்த்தது. அந்தப் பெண் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். என்னிடம் வந்த பக்கங்களைப் பற்றி நான் யாரையும் கேட்டதில்லை, கேட்கவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

அவள் பேனாவை வாங்கி அந்தக் காகிதத்திலேயே, ‘அது ஓவியருடைய பெயர். இருக்கட்டும்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

வெங்கடராகவன்